புதுக் கார் வாங்கும் முன்: விலை பேசுவதும் மைலேஜ் கணக்கும், குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

கார் வாங்கப் போகிறேன் என்று நாகர்கோவிலில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது "லிட்டருக்கு எத்தன கிட்டும்?" என்ற கேள்வி. அடுத்தது "எவ்வளவு குறைச்சான்?" இரண்டுமே கேட்க வேண்டியவைதான். ஆனால் முதல் கேள்விக்காக நாம் படும் கவலையில் பாதியை இரண்டாவது கேள்விக்குக் கொடுத்தால் கையில் நிற்கும் பணம் அதிகம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். முதல் கார் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏற்கெனவே ஷோரூம் படிகளைத் தேய்த்தவர்கள் சில பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

முதலில் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர், எந்த ரோட்டில், எத்தனை பேரோடு. வடசேரியில் வீடு, கோட்டாரில் கடை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தோடு ஒரு சுற்று என்பவரின் தேவை வேறு. குலசேகரத்திலிருந்து தினமும் மார்த்தாண்டம் போய் வருகிறவரின் தேவை வேறு. வளைகுடாவில் இருக்கும் அண்ணன் தம்பிகளை ஏற்றி இறக்க அடிக்கடி திருவனந்தபுரம் ஏர்போர்ட் போகிறவருக்கு மைலேஜை விட டிக்கிதான் முதல் பிரச்சினை. பெரிய பெட்டி நான்கு உள்ளே போகுமா என்று பார்க்காமல் சிஎன்ஜி வண்டியை எடுத்துவிட்டு, சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டது என்று பிறகு புலம்பிப் பயனில்லை.

இப்போது கணக்கு. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டிக்கு மாதம் 5,440 ரூபாய் ஆகும். 18 கொடுக்கும் வண்டிக்கு 4,533 ரூபாய். வித்தியாசம் 907 ரூபாய். சரி, இனி 20 கொடுக்கும் வண்டியையும் 23 கொடுக்கும் வண்டியையும் பாருங்கள். 4,080 ரூபாய், 3,548 ரூபாய். வித்தியாசம் 532 ரூபாய்தான். இரண்டு இடத்திலும் அதே மூன்று கிலோமீட்டர். மிச்சம் மட்டும் ஒரேயடியாகக் குறைந்துவிட்டது. மைலேஜ் ஏற ஏற, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரின் மதிப்பும் இறங்கும். அதனால் "100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர்" என்று யோசித்துப் பழகினால் ஏமாற மாட்டோம். 15 என்றால் 6.7 லிட்டர், 18 என்றால் 5.6, 20 என்றால் 5, 23 என்றால் 4.3 லிட்டர் சொச்சம்.

கூடுதல் மைலேஜ் தரும் மாடலுக்கு ஒன்றரை லட்சம் அதிகம் கேட்கிறார்கள் என்று வையுங்கள். மாதம் 907 ரூபாய் மிச்சம் பிடித்து அந்தப் பணத்தை எடுக்க ஏறக்குறைய பதினான்கு வருடம் ஆகும். அதே வண்டியை மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நாலரை வருடத்தில் வந்துவிடும். அவர் வாங்கட்டும். மற்றவர்கள் அந்த ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் யோசித்துச் செலவழிக்கலாம்.

டீசலைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி அவ்வப்போது சூடாக, சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் பில் ஏறும். வாரம் ஒருமுறையாவது திருநெல்வேலி பக்கம் நீளமாக ஓடுகிறவர்களுக்கு மட்டும் டீசல் போதும் என்பது என் கருத்து.

விளம்பரத்தில் வரும் மைலேஜ்

புத்தகத்தில் அச்சடித்திருக்கும் மைலேஜ், புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனைக்கூடங்களில் எடுத்தது. வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, குறித்து வைத்த வேக அட்டவணைப்படி 1,180 வினாடி ஓட்டுவார்கள். இருபது நிமிடம் கூட இல்லை. உச்ச வேகம் 90. ஏசி ஓடாது. பஸ் குறுக்கே வராது, மாடு நிற்காது, மழை பெய்யாது. அந்த எண் பொய் என்று சொல்லவில்லை. எல்லா வண்டியையும் ஒரே கோலால் அளந்த எண் அது. இரண்டு மாடல்களை ஒப்பிட அது போதும். மாதக் கடைசியில் பெட்ரோல் செலவு எவ்வளவு வரும் என்று பார்க்க அது உதவாது.

நான் பார்த்த வரை, நம் ஊர் டவுன் ஓட்டத்தில் அந்த எண்ணில் அறுபது முதல் எழுபது சதவீதம் கிடைக்கும். நல்ல நெடுஞ்சாலையில் 80 வேகத்தைத் தாண்டாமல் போனால் எண்பது முதல் தொண்ணூறு சதவீதம் வரை வரும். 20 என்று எழுதியிருந்தால் டவுனில் 12 முதல் 14 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும்; ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தக் குடிக்கும். பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைபிரிட் நேர்மாறு. நின்று நின்று போகும் ரோட்டில்தான் அதன் லாபம் தெரியும்.

பெட்ரோலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, பெட்ரோலில் இருப்பதை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு ஆறேழு சதவீத சக்தி இல்லை என்று கணக்கு. இதற்கென டியூன் செய்த வண்டியில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் குறையும் என்று மத்திய அரசே 2025-ல் சொன்னது. மாமா பத்து வருடம் முன்பு வாங்கிய அதே மாடல் 20 கொடுத்தது என்று கேட்டுவிட்டு இன்று அதையே எதிர்பார்க்க வேண்டாம்.

நம்ம ரோடு என்ன செய்யும்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் வில்லுக்குறி, தக்கலை, சாமியார்மடம் என்று ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடமே தெரியாது. ஏற்றம், இறக்கம், வளைவு, முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேன். நான்காவது கியர் போட்டதும் மூன்றுக்கு இறக்க வேண்டியிருக்கும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் வந்தபிறகு அந்த இரண்டு இடத்தில் நிற்பது குறைந்தது, அவ்வளவுதான். இந்த ரோட்டில் கிடைப்பதுதான் மாவட்டத்தில் பெரும்பாலானவர்களின் உண்மையான மைலேஜ். ஏசி போட்டு நெரிசலில் நின்றுகொண்டிருந்தால் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை சும்மாவே போகும்.

இதற்கு நேரெதிர் ஆரல்வாய்மொழிப் பக்கம். நான்கு வழிச்சாலை, சீரான வேகம், மைலேஜ் அள்ளும். ஆனால் அங்கே காற்று இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கணவாய்க்குள் நெருங்கிக் கிழக்கே பாயும். முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்தியதே அதற்காகத்தான். திருநெல்வேலி போகும்போது காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். காற்றின் தடை, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய கணக்கில் ஏறும் என்பதால், 80-ல் போகும்போது எதிரே 30 வேகத்தில் காற்று அடித்தால் வண்டிக்கு அது 110-ல் ஓடுவது போலத்தான். தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆடி மாதம் யாராவது "திருநெல்வேலி போனேன், 22 கிடைச்சது" என்றால், போகும் வழிக்கு மட்டுமா, போய் வந்ததற்குச் சேர்த்தா என்று கேளுங்கள்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையேறுகிறவர்களும் ரப்பர் தோட்டத்துக்குள் மழைக்காலத்தில் போகிறவர்களும் மைலேஜ் கேட்பதை விட, முழு ஆளோடு முதல் கியரில் வண்டி ஏறுகிறதா, அடி இடிக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

நீங்களே அளந்து பாருங்கள்

டாஷ்போர்டில் காட்டும் மைலேஜ் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். சரியான வழி டேங்க் முதல் டேங்க் வரை அளப்பதுதான். வாங்க நினைக்கும் அதே மாடல், அதே என்ஜின் வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரரையோ தெரிந்தவரையோ பிடியுங்கள். பங்கில் நாசில் தானாக நிற்கும் வரை போடச் சொல்லுங்கள். நின்றதும் போதும். ரவுண்டு தொகைக்காக அமுக்கி அமுக்கிப் போட விடாதீர்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்குங்கள். வழக்கம்போல ஓட்டட்டும். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே பங்கில், முடிந்தால் அதே மெஷினில், மறுபடி தானாக நிற்கும் வரை போடுங்கள். 612 கிலோமீட்டர் ஓடி, பில்லில் 36.8 லிட்டர் என்று வந்தால் 16.6 மைலேஜ். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுவிட்டு மைலேஜ் சொல்கிறவர்கள் சொல்வது ஊகம்தான்.

அளவில் சந்தேகம் இருந்தால் பங்கில் 5 லிட்டர் அளவைக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லி வரை வித்தியாசத்துக்கு அனுமதி இருக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் கேளுங்கள். எல்லையோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் விலை கேரளத்தை விடக் குறைவு. திருவனந்தபுரம் போய் வருகிறவர்கள் இங்கேயே நிரப்பிக்கொண்டு போங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் கொண்டுபோகும் அகலமான ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். வீட்டில் இருப்பவர்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, நீங்கள் தினமும் போகும் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அம்மாவால் பின்சீட்டில் ஏறி இறங்க முடிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

விலைத் தாளை வரி வரியாகப் படியுங்கள்

இனிதான் பணம் இருக்கும் இடம். ஷோரூமில் கேட்டு வாங்க வேண்டியது வரி வரியாகப் பிரித்து எழுதிய ஆன்-ரோடு (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த) விலைத் தாள், ஷோரூம் பெயர் போட்டு, தேதி போட்டு. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதித் தரும் மொத்தத் தொகையை வைத்து எதுவும் பேச முடியாது.

முதல் வரி எக்ஸ்-ஷோரூம் விலை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் அல்லது 1,500 சிசிக்குள் டீசல் என்ஜினும் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம். இந்த எக்ஸ்-ஷோரூம் விலையை நிறுவனம் முடிவு செய்கிறது. ஷோரூம் இதை ஏற்ற முடியாது.

இரண்டாவது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் விகிதம் மாறியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலையில் 20,000 ஏறியதற்கு வரியில் 53,100 ஏறுகிறது. இதோடு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே உங்கள் வருமான வரிக் கணக்கில் பிடித்துக் கட்டுவது) வேறு பிடிப்பார்கள். ஆக, கோட்டுக்கு மேலே இருக்கும் வேரியன்ட்டில் ஒரு சன்ரூஃபும் நாலு பட்டனும் கூடுதல் என்றால், அவற்றின் உண்மை விலை விலைப்பட்டியலில் இருப்பதை விட ரொம்பப் பெரிது. சன்ரூஃப் நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது பதிவுக் கட்டணம். மத்திய விதிப்படி காருக்குப் பதிவு 600 ரூபாய், லோன் இருந்தால் அதைக் குறிக்க 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. மாநிலத்தின் சேவைக் கட்டணம் சிறிது சேரும். "ரிஜிஸ்ட்ரேஷன்" என்று ஒரே வரியில் பெரிய தொகை இருந்தால் பிரித்துக் கேளுங்கள். வரிக்கும் கட்டணத்துக்கும் அரசு ரசீது உண்டு. அதில் இருக்கும் தொகையை மட்டும் கொடுத்தால் போதும்.

நான்காவது இன்சூரன்ஸ். பேரம் பேசத் தெரிந்தவர்கள் கூடக் கோட்டை விடும் இடம் இதுதான். புதுக் காருக்கு மூன்று வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கான) இன்சூரன்ஸ் 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் கட்டணம் அரசு வைத்தது: 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 1,000 சிசி வரை 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, இவற்றோடு ஜிஎஸ்டி இருந்தால் அது. இந்தப் பங்கில் பேரம் இல்லை. சொந்த வண்டி சேதத்துக்கான பங்கு இருக்கிறதே, அதில்தான் ஷோரூமுக்குக் கமிஷன். அங்கேயே எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஷோரூம் கொடுத்த கோட்டேஷனில் உள்ள ஐடிவியையும் (வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் உச்சத் தொகை) கூடுதல் பாதுகாப்புகளையும் அப்படியே வைத்து ஆன்லைனில் ஒன்று எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் சில ஆயிரங்களில் வரும். அந்தத் தாளைக் காட்டினால் ஷோரூமே இறங்கி வரும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஐடிவியைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது பழைய வித்தை. புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் ஜீரோ டெப் எடுங்கள். என்ஜின் புரொடெக்‌ஷனும் எடுங்கள் என்பேன். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. 2021 நவம்பர் மழையில் ரோடு எது, குளம் எது என்று தெரியாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

பழைய கார் ஒன்று உங்கள் பெயரில் இருந்து, கிளெய்ம் வாங்காமல் ஓட்டியிருந்தால், அந்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது. வண்டியை விற்றாலும் அது உங்களோடு வரும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்த வண்டி சேதப் பங்கின் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். பழைய கம்பெனியிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். ஷோரூம்காரர்கள் இதை அவர்களாக ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

இதற்குக் கீழே வருவதெல்லாம் ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், எசென்ஷியல் கிட், அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான் போன்றவை. இவற்றில் ஒன்று கூட அரசு கேட்பது கிடையாது. ஹேண்ட்லிங் சார்ஜை எடுங்கள் என்று நேராகச் சொல்லுங்கள். மேட்டும் மட்கார்டும் வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும். கொளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் துரு பிடிப்பது உண்மைதான். அதற்கு வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவதை விடப் பெரிய வைத்தியம் இல்லை. கோட்டிங் கட்டாயம் வேண்டும் என்றால் வெளியே நல்ல ஆளிடம் செய்துகொள்ளலாம்.

எங்கே, எப்போது கேட்பது

ஒரே மாடலுக்குக் குறைந்தது மூன்று தாள் வாங்குங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாகர்கோவில் ஷோரூமும் மார்த்தாண்டம் ஷோரூமும் பல பிராண்டுகளில் ஒரே டீலருடையவை. இரண்டு கிளைகளும் ஒன்றோடொன்று போட்டி போடாது. போன் போட்டுப் பேசிக்கொள்ளும். பெயர்ப்பலகையில் டீலர் பெயரைப் பார்த்து, வேறு டீலரிடம் கேளுங்கள். திருநெல்வேலி எண்பது கிலோமீட்டர்தான். வாட்ஸ்அப்பிலேயே தாள் அனுப்பிவிடுவார்கள்.

கேரள ஷோரூமில் குறைவு என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. ஜிஎஸ்டி நாடு முழுக்க ஒன்றுதான், ஆகவே எக்ஸ்-ஷோரூம் விலையில் பெரிய வித்தியாசம் வராது. ஓணத்துக்கு முன்னால் தள்ளுபடி தாராளமாக இருந்தால் நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ வாங்கி, தற்காலிகப் பதிவோடு கொண்டுவந்து இங்கே வரி கட்டி டிஎன் 74 அல்லது 75 வாங்கலாம். கொஞ்சம் அலைச்சல். வரியை மிச்சப்படுத்துகிறேன் என்று அங்குள்ள சொந்தக்காரர் முகவரியில் கேஎல் நம்பர் போட்டு இங்கே வருடக்கணக்கில் ஓட்டுவது மட்டும் வேண்டாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓடினால் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும் என்பது சட்டம். சோதனையில் பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

நேரம் என்று பார்த்தால், மாதக் கடைசி வாரம் நல்லது. டார்கெட் முடிக்க வேண்டிய மார்ச், செப்டம்பர், டிசம்பர் கடைசி இன்னும் நல்லது. ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் ஷோரூம் வெறிச்சென்று இருக்கும். மேனேஜரே எழுந்து வந்து டீ சொல்வார். ஆடி பார்க்காத வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அந்த வீட்டுக்காரர்கள் தாராளமாக அந்த மாதத்தில் போய்ப் பேசுங்கள். ஆடி பார்க்கிறவர்கள் அப்போது பேசி முடித்து ஆவணியில் எடுக்கலாம். ஆனால் ஒன்று: புக் செய்த நாளின் விலையும் ஆஃபரும் உங்களுக்குப் பிடித்து வைக்கப்படாது, பில் போடும் நாளில் உள்ளதுதான் செல்லும். அதே ஆஃபரை டெலிவரி வரை தருவோம் என்று எழுதி வாங்கினால் மட்டும் காத்திருங்கள்.

டிசம்பரில் பெரிய தள்ளுபடி கிடைக்கக் காரணம், ஜனவரி வந்தால் அது போன வருட வண்டி. நான்கைந்து வருடத்தில் விற்கப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் மறுவிற்பனையில் அடிக்கும். பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு டிசம்பர் லாபம்தான்.

பேரம்

மேஜைக்கு எதிரே உட்கார்ந்ததும் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, கம்பெனி ஆஃபர் இவ்வளவுதான். இதுக்கு மேல நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"சரி தம்பி. கம்பெனி தர்றது எவ்வளவு, உங்க ஷோரூம் தர்றது எவ்வளவு? ரெண்டையும் தனித்தனியா எழுதித் தாங்க."

இந்த ஒரு கேள்வி போதும், பேச்சின் போக்கு மாறும். ஏனென்றால் பல தடவை கம்பெனி ஆஃபரை மட்டும் காட்டி, ஷோரூம் பங்கைத் தொடாமல் வைத்திருப்பார்கள். கம்பெனி பக்கத்திலேயே எக்ஸ்சேஞ்ச் போனஸ், அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று தனித்தனித் திட்டங்கள் இருக்கும். மனைவி ஆசிரியை என்றால் அவர் பெயரில் வண்டி எடுப்பது லாபமா என்றும் கேட்டுவிடுங்கள்.

பிறகு பேச வேண்டியது மொத்த ஆன்-ரோடு தொகையை மட்டும்தான். "25,000 ரூபாய்க்கு ஆக்சஸரிஸ் ஃப்ரீ" என்றால், அந்த 25,000 அவர்கள் போட்ட எம்ஆர்பி. "ஆக்சஸரிஸ் வேண்டாம், பணமாகக் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். 12,000-க்கு இறங்கினாலும் அதுதான் நல்லது. "மேனேஜர்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போனால் நீங்கள் அவசரப்பட வேண்டாம், டீ குடியுங்கள். குழந்தைகள் கலரைப் பார்த்து "இதுதான் வேணும்" என்று குதிக்கும் நாளில் விலை பேசாதீர்கள். அவர்களை டெஸ்ட் டிரைவுக்கு மட்டும் அழைத்துப் போங்கள்.

எல்லோரும் வரிசையில் நிற்கும் புது மாடலுக்கு ஷோரூம் ஒரு ரூபாய் குறைக்காது. கோபப்பட்டுப் பயனில்லை. அங்கே இன்சூரன்ஸ், ஹேண்ட்லிங், கிட் மூன்றிலும் மட்டும் பேசுங்கள்.

பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் புது வண்டி விலை முடியும் வரை அதைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம். இரண்டையும் கலந்தால் இந்தப் பக்கம் கொடுத்ததை அந்தப் பக்கம் எடுத்துக்கொள்வார்கள். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு வைத்திருங்கள். யாருக்கு விற்றாலும் ஆர்சி பெயர் மாறியதை அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகன் தளத்தில் நீங்களே பாருங்கள். மாறாத வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் நீங்கள்தான் கோர்ட் ஏற வேண்டும்.

லோனில் "வெறும் 9 சதவீதம்" என்றால் ஃப்ளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் இருப்புக்கா (அடைத்தது போக மீதிக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 7 லட்சம், ஐந்து வருடம். குறையும் இருப்புக்கு 9 என்றால் மாதத் தவணை 14,531 ரூபாய். ஃப்ளாட் 9 என்றால் 16,917. ஐந்து வருடத்தில் வித்தியாசம் 1.43 லட்சம். பேரம் பேசி இறக்கிய 30,000 இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேட்டுவிட்டு ஷோரூம் ஃபைனான்ஸிடம் பேசுங்கள்.

புக்கிங் பணத்தை ஷோரூம் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், சேல்ஸ்மேனின் சொந்த ஜிபேக்கு வேண்டாம். ரசீதில் மாடல், வேரியன்ட், கலர், பேசிய மொத்த விலை, ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பது, எல்லாம் இருக்கட்டும். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேச அந்தத் தாள்தான் கையில் ஆதாரம்.

பில் போடும் முன்னால், வண்டி வந்த பின்னால்

பதிவு செய்வதற்கு முன்னால் வண்டியை யார்டில் போய், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து பில்லோடு ஒப்பிடுங்கள். தயாரித்த மாதமும் வருடமும் விற்பனைச் சான்றான படிவம் 21-ல் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். நான்கு டயரும் ஸ்டெப்னியும் பக்கத்துப் பக்கத்து வாரங்களில் இருந்தால் சரி. ஒன்று மட்டும் தனியாக நின்றால் ஏன் என்று கேளுங்கள். பெயின்ட்டில் வெயில் படும்படி சாய்ந்து பாருங்கள், கதவு ஓரத்தில் கலர் மாறுகிறதா என்று. ஓடோமீட்டர் இரண்டிலக்கத்தில் இருந்தால் கவலையில்லை. பதிவு முடிந்தபின் கண்டுபிடித்தால் வண்டியை மாற்ற மாட்டார்கள், பாலிஷ்தான் போட்டுத் தருவார்கள்.

எடுத்த பிறகு முதல் இரண்டு டேங்கில் வரும் மைலேஜைப் பார்த்து மனம் நொந்து போகாதீர்கள். என்ஜின் பழக ஓரிரண்டு ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள காற்றழுத்தத்தை வண்டி சூடாவதற்கு முன் காலையில் பார்த்து வையுங்கள். பங்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிக்கும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. மேலே ஏற்றிய கேரியரைத் தேவையில்லாத நாளில் கழற்றுங்கள்.

ஆர்சி வந்ததும் பெயர், முகவரி, சேஸிஸ் எண், வங்கி பெயர் நான்கையும் சரிபாருங்கள். டிசிஎஸ் பிடித்திருந்தால் அடுத்த வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். பில்லில் உங்கள் பான் எண் சரியாக ஏறியிருக்க வேண்டும். லோன் முடிந்த மாதமே வங்கியிடம் படிவம் 35-ம் கடன் இல்லைச் சான்றும் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து வங்கி பெயரை நீக்கிவிடுங்கள். வங்கி தரும் சான்றுக்குக் காலக்கெடு உண்டு, அதனால் அலமாரியில் வைத்து மறந்துவிட வேண்டாம்.